பாவம், பிராசஸர் என்ன செய்யும்?

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் சாணார்பட்டிக்கு வந்த பெட்டிகள் எத்தனையோ இப்போது பரணில். கேட்டால், "பிராசஸர் பழசு, மாத்தணும்". மக்களே, அதை மாற்ற முடியாது! விலை குறைந்த லேப்டாப்களில் பெரும்பாலும் மதர்போர்டோடு சாலிடர் செய்திருப்பார்கள். ஆமை வேகத்துக்கு முதல் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் ராமும் கூட்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேலைதான்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்திய மைக்ரோசாஃப்ட், 11-க்கு டிபிஎம் 2.0 கேட்கிறது. கேட்கட்டுமே! லினக்ஸ் இருக்கிறது. (அரசே பாஸ் லினக்ஸ் போட்டுத்தான் கொடுத்தது, யார் திறந்து பார்த்தார்கள்?) டேலிக்குத்தான் விண்டோஸ் வேண்டும், அதற்குக் கல்லூரி லேப் போதாதா? மாங்காய் விற்ற அப்பா காசில் புது லேப்டாப் கேட்பவர்கள், பரணில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.