அஞ்சே நிமிஷத்துல வந்துடறேன்

வண்டி ஓட்டும்போது செல்போனில் மெசேஜ் அடிப்பதைச் சட்டப்படி குற்றமாக்கலாமா, கூடாதா? இந்தத் தலைப்பில் இன்றைக்கு ஒரு பட்டிமன்றம் வைத்தால்கூட இரண்டு அணியிலும் மூன்று மூன்று பேர் கிடைப்பார்கள், நடுவர் நகைச்சுவையாகத் தீர்ப்பும் சொல்வார். முடிந்ததும் ஆறு பேரும் வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே, "ப்ரோகிராம் எப்படி இருந்துச்சு?" என்று வாட்ஸாப்பில் கேட்டுக்கொள்வார்கள்.

அதெல்லாம் குற்றமாக்கி வருஷக் கணக்கில் ஆகிவிட்டது ஐயா. மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதில் 184ஆம் பிரிவு, அபாயகரமாக வண்டி ஓட்டுவது பற்றியது. 2019இல் திருத்தம் கொண்டுவந்தபோது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவற்றோடு ஒரே வரிசையில் கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவதையும் உட்கார வைத்துவிட்டார்கள். முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் இரண்டு வருஷம் வரை உள்ளே போகலாம், அல்லது 10,000 ரூபாய் கட்டலாம், அல்லது இரண்டும். தமிழக அரசு 2022 அக்டோபரில் அபராதப் பட்டியலைப் புதுப்பித்தபோது முதல் தடவைக்கு 1,000 என்று வைத்தது. அதற்கும் முன்னால், 2015இலேயே, உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, போன் பேசிக்கொண்டு ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்குங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டுபவருக்கும் அதே மூன்று மாதம்தான். போன் பேசியதற்காக லைசென்ஸ் முடங்கி, மூன்று மாதம் பஸ்ஸில் ஆபீஸ் போன ஒருவரை உங்கள் தெருவில் காட்டுங்கள், பார்க்கலாம்.

இப்போது சாலைக்கு வாருங்கள். சாயங்காலம் ஆறரை மணி, வேளச்சேரி பக்கம். முதலில் வருகிறவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு, கழுத்தைச் சுளுக்கிக்கொண்டவர் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து ஓட்டுகிறார். வண்டியும் அவர் தலை சாய்ந்த பக்கமே போகிறது. அடுத்தவர் கொஞ்சம் விவரமானவர். ஹெல்மெட்டுக்குள் கன்னத்தோடு போனைத் திணித்துவிட்டார். கேட்டால், "கைல இல்லையே சார்" என்பார். அரசாங்கம் உயிரைக் காப்பாற்றக் கட்டாயமாக்கிய ஹெல்மெட், நம் ஊரில் செல்போன் ஸ்டாண்டாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். வலதுகை ஆக்ஸிலேட்டரில், இடதுகைக் கட்டைவிரல் மட்டும் டைப் அடிக்கிறது, கண் ஸ்பீடு பிரேக்கர் வரும்போது மட்டும் மேலே எழும்புகிறது. முன்னால் நிற்கிற குழந்தையின் கையில் ஐஸ்கிரீம்.

கார்காரர்களைப் பகலில் கண்டுபிடிப்பது கஷ்டம். ராத்திரியில் தாடைக்குக் கீழே நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்தால், ஐயா மடியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் எல்லாத் தலையும் ஒன்றாகக் குனிகிறது. பச்சை விழுந்தபின் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்க வேண்டும். அடித்தால், பூஜை அறையில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் திரும்பி ஒரு பார்வை. பிறகு நிதானமாக அந்த மெசேஜை அனுப்பிவிட்டுத்தான் கியர் விழும்.

வாடகைக் கார்களில் ஏறினால் நிலைமை இன்னும் விசேஷம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு போன், ஒன்றில் வழி, இன்னொன்றில் கிரிக்கெட். பின்சீட்டிலிருந்து, "அண்ணே, கொஞ்சம் அதை அணைச்சுட்டு ஓட்டுங்களேன்" என்று பவ்யமாகத்தான் கேட்கிறோம். உடனே பதில் தயாராக வருகிறது: "இருபது வருஷமா ஓட்டறேன் சார், ஒரு கீறல் கிடையாது." கூடவே, "நீங்க பயப்படாம உக்காருங்க" என்று ஆறுதல். சொல்லிக்கொண்டே ஸ்கோர் பார்க்கிறார்.

இருபது வருஷ அனுபவத்தால் மீட்டர் சுருங்காது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நகரத்துக்குள் ஒன்றும் வேகமே இல்லை என்கிறோம். அந்த வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறது. "ஓகே, வரேன்" என்று படித்து, அடித்து, அனுப்ப நாலு வினாடி என்று தாராளமாகக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியாயிற்று. வரிசையாக நிற்கிற மூன்று மாநகரப் பேருந்துகளைத் தாண்டுகிற தூரம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80இல் போகிறவருக்கு அதையே இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சாலையில் 44 மீட்டருக்குள் ஒரு மாடு, ஒரு பள்ளம், எதிர்த்திசையில் ஒரு தண்ணீர் லாரி, சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒரு பாட்டி என்று எல்லாமே அடங்கும்.

"நான் ப்ளூடூத்ல பேசறேன், எனக்கு இது பொருந்தாது" என்கிற கூட்டம் தனி. காதில் ஒரு பட்டாணி மாதிரி எதையோ செருகிக்கொண்டதும் சட்டமும் சாலையும் தங்களுக்கு விலக்கு அளித்துவிட்டதாக நம்புகிறவர்கள். சட்டம் ஓரளவு விலக்கு அளித்திருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல், அது பிடிப்பது கையைத்தானே. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்ட்ரேயர் என்கிற உளவியல் ஆய்வாளர் இந்த விஷயத்தைப் பல வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார். காரிலேயே இருக்கிற குரல்வழி வசதிகளைச் சோதித்து 2015இல் அவர் குழு வெளியிட்டதைப் பார்த்தால் தலை சுற்றும். கையால் எதையும் தொடாமல் குரலிலேயே கட்டளை கொடுத்து முடித்த பிறகும், சில வண்டிகளில் ஓட்டுபவரின் கவனம் முழுசாகச் சாலைக்குத் திரும்ப 27 வினாடி வரை ஆகியிருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 வினாடி என்றால் 300 மீட்டர். பேசி முடித்தபின் 300 மீட்டர்! மாமியாருடன் வாக்குவாதம் செய்து முடித்தவருக்கு எவ்வளவு என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. அவர் தாம்பரத்தில் ஆரம்பித்திருந்தால் செங்கல்பட்டு வரை திரும்பியிருக்க மாட்டார் என்பது என் கணக்கு.

சட்டம் வார்த்தை வார்த்தையாகத் துரத்துவதும், ஜனங்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் வழி கண்டுபிடிப்பதும் இங்கே மட்டும் நடக்கிற கூத்து இல்லை. இங்கிலாந்தில் 2003இலேயே கையில் போன் கூடாது என்றார்கள். வண்டி ஓட்டியபடி ஒரு விபத்தைப் போனில் படம் பிடித்த ஒருவர், படம் பிடிப்பது தகவல் தொடர்பு ஆகாதே என்று வாதாடி, 2019இல் உயர் நீதிமன்றம் வரை போய் ஜெயித்தே விட்டார். 2022இல் சட்டத்தைத் திருத்தி, போனைக் கையில் எடுத்து எது செய்தாலும் தப்பு, 200 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளி என்று அடைத்தார்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கியவருக்கு முதல் இரண்டு வருஷத்துக்குள் ஆறு புள்ளி விழுந்தால் லைசென்ஸே போய்விடும். பக்கத்தில் கேரளத்தில் 2018இல் உயர் நீதிமன்றம், பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாக்காதவரை போன் பேசிக்கொண்டு ஓட்டுவது அந்த மாநிலப் போலீஸ் சட்டத்தின் கீழ் குற்றமாகாது என்றது. அந்தச் சட்டத்தின் வாசகப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆபத்து உண்டானதா இல்லையா என்று அந்த வினாடியில் யார் பார்த்துச் சொல்வது? மாட்டிய பாட்டியா?

அட, பிடிக்கத்தான் முடிகிறதா? ஹெல்மெட் இல்லாத தலை கேமராவுக்குத் தெரிகிறது, சிக்னல் தாண்டிய நம்பர் பிளேட்டும் தெரிகிறது. மடியில் இருக்கிற போன் தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மேலேயிருந்து மடியையே படம் பிடிக்கிற கேமராக்களை வைத்து, 2020 மார்ச்சிலிருந்து அபராதமும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே இருப்பதெல்லாம் வெயிலில் நிற்கிற ஒரு கான்ஸ்டபிள். அவர் கையைக் காட்டுவதற்குள் போன் சட்டைப் பைக்குள் போய்விடும். "பேசலையே சார், டைம் பாத்தேன்."

விபத்து நடந்த பிறகாவது உண்மை ஏட்டில் ஏறுகிறதா என்றால் அதுவும் இல்லை. 2022இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாடு, 64,105. மத்திய அரசின் அறிக்கையில் இந்த விபத்துகளில் நூற்றுக்கு 72 வேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. போனுக்கு மிகச் சின்னப் பங்குதான். நம் ஊர் எஃப்.ஐ.ஆரைப் படித்தவர்களுக்கு இதன் ரகசியம் தெரியும். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்று ஒரு வாசகம் வழிவழியாக வருகிறது, எல்லா விபத்துக்கும் அதே. அந்த அஜாக்கிரதைக்குள் ஒரு ரீல்ஸ் இருந்ததா, ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்ததா என்று யார் தோண்டப்போகிறார்கள்? செத்தவரின் போனைக் குடும்பத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். உயிரோடு இருப்பவர் தான் போன் பார்த்ததாக ஏன் சொல்லப்போகிறார்?

சரி, ஓட்டுபவரைத் திட்டியாயிற்று. என் ஆதங்கமே இனிமேல்தான். அந்த முனையில் இருப்பவரை யாருமே திட்டுவதில்லை.

"எங்க இருக்கே?"

"வண்டில வந்துட்டிருக்கேன்."

"சரி சரி, ஒரே ஒரு விஷயம், சொல்றேன் கேட்டுக்கோ..."

அந்த ஒரே ஒரு விஷயம் கிண்டியில் ஆரம்பித்து மேடவாக்கம் வரை போகும். வண்டியில் இருக்கிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகும் பேச்சைத் தொடர்கிறவருக்கு எந்தப் பிரிவும் இல்லை. எடுக்காவிட்டால் இன்னும் மோசம். நாலு மிஸ்டு கால், அப்புறம் "ஏன் எடுக்கல?", அப்புறம் "என்னாச்சு, பயமா இருக்கு", அப்புறம் மச்சினனுக்கு போன், மச்சினனிடமிருந்து ஒரு போன். ஆபீஸ் மேனேஜர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆபீசிலிருந்து கிளம்பின ஆள் இந்நேரம் சாலையில்தான் இருப்பான் என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் அந்த எக்ஸெல் ஃபைல் ஞாபகம் வரும். ப்ளூ டிக் விழுந்து பத்து நிமிஷம் ஆகியும் பதில் இல்லையென்றால் மறுநாள் முகம் மாறும். பையன் என்ன செய்வான்? சிக்னலுக்குக்கூடக் காத்திருக்காமல், "அஞ்சே நிமிஷத்துல வந்துடறேன் சார்" என்று அடிக்கிறான். வீட்டுக்கு ஒன்று, சாருக்கு ஒன்று.

உணவு கொண்டுவருகிற பையன்களை நினைத்தால் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அவர்களுக்கு ஹேண்டில்பாரில் மாட்டிய அந்தப் போன்தான் ஆபீஸ், முதலாளி, சம்பளப் பட்டியல் எல்லாம். போகிற வழியிலேயே அடுத்த ஆர்டர் வந்து கத்தும், திரையில் வினாடி குறைந்துகொண்டே வரும், அதற்குள் அமுக்க வேண்டும். மழை வந்தால் பிளாஸ்டிக் உறைக்கு மேலே ஈர விரல் வேலை செய்யாது, இரண்டு தடவை அமுக்க வேண்டும். 2020 அக்டோபரில் விதியைத் திருத்தி, வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். ஆர்டரை ஏற்பது வழி பார்ப்பது ஆகாது. ஆக, வேலையைச் செய்தால் குற்றம், செய்யாவிட்டால் பட்டினி. இதற்கு நடுவில் நாம் வேறு பத்தாவது மாடி பால்கனியிலிருந்து வரைபடத்தில் நகர்கிற அந்தச் சின்ன ஸ்கூட்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்து, அது ஒரு நிமிஷம் நின்றுவிட்டால் போதும், "தம்பி, எங்கப்பா இருக்கீங்க? சாம்பார் ஆறிடப்போகுது" என்று போன் போடுகிறோம். அவன் ஓட்டிக்கொண்டே எடுத்து, "வந்துட்டேன்க்கா" என்கிறான். எடுக்காவிட்டால் நட்சத்திரம் குறையும். போலீஸ் பிடித்தால் 1,000 ரூபாய் அவன் பையிலிருந்து போகும். அந்த நாள் உழைப்பு அதோடு சரி. ஆர்டரை அனுப்பிய கம்பெனி பெயர் சலானில் எந்த மூலையிலும் இல்லை.

வண்டி நகர்கிறது என்று போனுக்குத் தெரியாதா? எந்தத் தெருவில், எந்த வேகத்தில் போகிறோம் என்பதைக் கம்பெனிக்கு வினாடிக்கு வினாடி சொல்லிக்கொண்டிருப்பதே அதுதானே. வண்டி நின்ற பிறகு அடுத்த ஆர்டரைக் காட்டினால் யார் குடி முழுகிவிடும்? ஐபோனில் 2017இலேயே, ஓட்டும்போது அழைப்பையும் மெசேஜையும் அடக்கிவைத்து, "வண்டி ஓட்டுகிறார், பிறகு பேசுவார்" என்று தானே பதில் அனுப்புகிற வசதி வந்துவிட்டது. மற்றப் போன்களிலும் இருக்கிறது. யார் போட்டுவைக்கிறார்கள்? போட்டுவைத்த ஒரு நண்பனுக்கு வந்த பதில், "பெரிய ஆளாயிட்டியோ, மெஷினை விட்டுப் பேச வைக்கறே?"

அதனால் புதுச் சட்டம் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. இருக்கிற 184இல் கையைப் போதுமான அளவு எழுதியாயிற்று. சலானில் இன்னொரு கட்டம் போடுங்கள்: அந்த வினாடியில் அழைத்தவர் யார், வேலையை அனுப்பிய கம்பெனி எது என்று. போனையே பார்த்தால் தெரிந்துவிடும், பெரிய துப்பறியும் வேலை இல்லை. அபராதத்தில் பாதி அங்கே போகட்டும். அப்படியானால் அம்மாவுக்கும் சலான் போகுமே என்று கேட்காதீர்கள். அம்மாவுக்கு முதல் தடவை எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். மேனேஜருக்கு வேண்டாம்.