முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை வகுப்பு வைக்கிறது. அதில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கி வந்தால்தான் பங்குச் சாமியார் ஓலை வாசிப்பார். புதுநன்மைக்கு வகுப்பு உண்டு, உறுதிபூசுதலுக்கு வகுப்பு உண்டு, பீடச் சிறுவனுக்கு எந்த நேரத்தில் மணி அடிக்க வேண்டும் என்பதற்கும் பயிற்சி உண்டு. துக்க வீட்டுக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிற விஷயம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு பங்கில், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றை நடத்துகிறேன். அப்படியொரு குழுவை நடத்தக்கூடிய ஆட்களை அன்பியங்களிலிருந்து (பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்த பங்கின் சிறு குழுக்கள்) தேடிப் பிடித்துப் பழக்கவும் செய்கிறேன். “ஆறுதல் சொல்லவுமா டிரெய்னிங்?” என்று சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சாவு விழுந்த வீட்டில் முதல் வாரம் ஆள் நிற்க இடம் இருக்காது. அடக்கப் பூசை, சாயங்காலச் செபமாலை, ஏழாம் நாள் என்று ஊரே வந்து போகும். முப்பதாம் நாள் பூசையோடு பந்தல் பிரிந்துவிடும். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் உண்மையான துக்கம் தொடங்குகிறது என்பது அனுபவித்த எல்லாருக்கும் தெரியும். இந்துக்கள் வீட்டில் பதினாறாம் நாள், முஸ்லிம்கள் வீட்டில் நாற்பதாம் நாள். தேதிதான் வேறு, காலியான கூடம் ஒன்றுதான்.

நமக்கு ஒப்பாரி இருக்கிறதே, இந்தக் கூட்டமெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்பார்கள். ஒப்பாரியை நான் மதிக்கிறேன். செத்தவர் பெயரையும் குணத்தையும் அவர் வாங்கித் தந்த சேலையையும் ஊரறியச் சொல்லி அழவைக்கும் அந்த ஏற்பாட்டுக்கு ஈடானதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் பெட்டி வாசலைத் தாண்டும்போது ஒப்பாரியும் கூடவே போய்விடுகிறது. ஐம்பதாம் நாள் அடுப்படியில் உட்கார்ந்து ஒருத்தி ராகம் இழுத்தால், “இன்னும் என்னடி அழுகை?” என்று மாமியாரே கேட்பார். ஆண்களுக்கு அதுவும் இல்லை.

வெள்ளைக்காரன் சரக்கு என்பதும் அரைகுறை உண்மைதான். 1968-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் ஆன்ம குரு அங்கே பணியில் இருந்தார். தன்னுடைய செபத்தாலும் பேச்சாலும் முடியாததை, இரண்டு பிள்ளைகளின் பெற்றோரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதை அவர் கவனித்தார். அவர்களைச் சேர்த்துவைத்தார். மறு ஆண்டே ‘கம்பாஷனேட் பிரண்ட்ஸ்’ என்ற அமைப்பு பிறந்தது. இதில் வெள்ளைக்கார அறிவு எங்கே இருக்கிறது? பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அந்தச் சாமியார் செய்த புத்திசாலித்தனம், குறுக்கே நிற்காமல் விலகிக்கொண்டது.

விலகிக்கொள்ளத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. எங்கள் பயிற்சியில் முதல் நாள் ஒருவரைத் தாயாக நடிக்கச் சொல்வேன், இன்னொருவர் ஆறுதல் சொல்ல வந்தவர். தாய் ஒன்றும் பேசமாட்டாள். வந்தவரும் பேசாமல் கூட உட்கார வேண்டும், மூன்றே நிமிடம். பெரும்பாலும் ஒரு நிமிடம் தாண்டாது. “எல்லாம் கடவுள் சித்தம்”, “நல்லவங்களத்தான் ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்குவார்”, “உனக்கு இன்னும் ரெண்டு பிள்ளை இருக்கே” என்று ஏதாவது ஒன்று விழுந்துவிடும். மௌனம் தாங்காமல் வருகிற இந்தப் பேச்செல்லாம் பேசுகிறவருக்கான ஆறுதல், கேட்கிறவளுக்கு அல்ல. யோபுவின் நண்பர்கள்கூட ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

யார் இந்த வேலைக்குத் தோதானவர் என்பது இன்னொரு கதை. செபக் கூட்டத்தில் கணீரென்று குரல் எடுப்பவர்களை முதலில் அனுப்பிவைப்பார்கள். அவர்களைத்தான் பழக்குவது கஷ்டம். வாயில் செபம் தயாராக இருக்கும், எதிரே இருப்பவர் கொஞ்சம் கலங்கியதும் அதை எடுத்துக் கண்ணீர்மேல் மூடிவிடுவார்கள். செபம் கூடாது என்று நான் சொல்லவில்லை. செபம் வேண்டும் என்று கேட்க வேண்டியது துக்கத்தில் இருப்பவர். மீன் விற்கப் போகும் ஓர் அம்மா, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், எங்கள் ஆட்களில் ஆகச் சிறந்தவர் அவர்தான். “மவன் என்ன கறி விரும்பித் தின்பான்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். எதிரே இருப்பவர் அரைமணி நேரம் பேசுவார்.

குழுவுக்குச் சில விதிகள் உண்டு. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நடத்துகிறவர் இருவர். ஒருத்தி அழுதுகொண்டு எழுந்து போனால் பின்னாலேயே போக ஓர் ஆள் வேண்டும், அறையிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும். அடக்கம் முடிந்து ஓரிரு மாதம்கூட ஆகாதவரைக் குழுவில் உட்காரவைப்பதில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறோம். நடத்துகிறவருக்குச் சொந்தத் துக்கம் இருக்கலாம், ஆனால் அது ஓராண்டாவது பழையதாக இருக்க வேண்டும். அறையில் பேசியது வெளியே போகக் கூடாது என்பதுதான் எங்கள் ஊரில் ஆகக் கடினமான விதி. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். வலை சரிசெய்யும் இடத்தில் பேசினால் மீன் ஏலம் போடும் இடத்தில் கேட்கும். ஒரே ஒரு தடவை ஒரு சொல் கசிந்தாலும் குழு அன்றோடு முடிந்தது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் சேர்ப்போம். சாக வேண்டும் என்று ஒருவர் பேசினால் மட்டும் அந்த விதி கிடையாது, அதையும் முதல் நாளே சொல்லிவிடுவோம்.

ஆனால் எங்கள் பயிற்சி எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிவிட்டது ஓகி புயல். 2017 நவம்பர் 29 இரவு தொடங்கி மறுநாள் அந்தப் புயல் எங்கள் மாவட்டத்தைச் சூறையாடியபோது, நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போன படகுகள் கரையை விட்டு வெகுதூரத்தில் இருந்தன. சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராக ஆட்கள் திரும்பவில்லை. பலருடைய உடலும் வரவில்லை. உடல் இல்லாமல் எதை அடக்கம் செய்வது? கல்லறைத் திருநாளில் மெழுகுதிரியை எங்கே கொளுத்துவது? “டீச்சர், முப்பதாம் நாள எந்த நாள்ல இருந்து எண்ணணும்?” என்று ஓர் அம்மா கேட்டார். புயல் அடித்த நாளிலிருந்தா, கடைசியாக வயர்லெஸ்ஸில் குரல் கேட்ட நாளிலிருந்தா, தேடுவதை நிறுத்திய நாளிலிருந்தா? இன்னொரு பெண் தாலியைக் கழற்ற மாட்டேன் என்றாள். கழற்றினால் நானே அவரைக் கொன்ற மாதிரி என்றாள். ஏழாண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. நிவாரணத்துக்காக அரசு நினைத்தால் அதைச் சுருக்கலாம். மனசுக்கு அப்படி ஓர் அரசாணை கிடையாது.

வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து, பாலின் பாஸ் என்ற உளவியலாளர் இந்த வகை இழப்பைத் தனியாகப் பிரித்தார். தனியாகத்தான் பிரிக்க வேண்டும். கல்லறை உள்ள விதவைகளோடு, கணவர் உடல் கிடைக்காத பெண்களை ஒரே வட்டத்தில் உட்காரவைத்தால் இரண்டு பக்கமும் புண்படும். “மோட்சத்துல இருப்பாரும்மா” என்று ஆறுதல் சொல்லப் போனவரை ஒருத்தி வீட்டைவிட்டே வெளியே போகச் சொல்லியிருக்கிறாள். அவள் காதில் அது மரணச் செய்தி. நாங்கள் இப்போது இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம்: அவள் “இருக்காரு” என்றால் நீங்களும் “இருக்காரு” என்றே பேசுங்கள். அவள் என்றைக்கு “இருந்தாரு” என்று மாற்றுகிறாளோ அன்றைக்கு மாறிக்கொள்ளுங்கள். முடிவு அவளுடையது, பங்குப் பேரவையுடையது அல்ல.

துக்கம் ஐந்து படி ஏறி முடியும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு வகுப்பு எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல் அந்த ஐந்து படிகளைச் சொன்ன புத்தகத்தை எழுதியது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசி. அவர்களைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை வைத்து அல்ல. “நான் இன்னும் கோபத்துலதான் நிக்கேன், அடுத்த படிக்குப் போகல” என்று ஒரு தகப்பன் குற்ற உணர்வோடு சொன்னால், அந்தக் குற்ற உணர்வு யார் கொடுத்தது?

தற்கொலை நடந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். அந்த வீட்டுத் தாய் கேட்கும் முதல் கேள்வி, “கோயில்ல பூசை வைப்பாங்களா?” 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தன் உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ல் வந்த சட்டத்தில் அந்தத் தடை இல்லை. நாற்பது ஆண்டு தாண்டியும் இது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை ‘அவர்களுக்கு’ என்று விரல் நீட்டிக் காட்டும் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். போகிறவருக்குச் சட்டம் தெரிந்திருந்தால், முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் “வைப்பாங்கம்மா” என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு பயிற்சி வகுப்பு நடத்தலாம்.

எது நம் கையில் இல்லை என்று தெரிவதும் பயிற்சியில் ஒரு பாகம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேலும் ஆளை முடக்கிப்போடும் கடுந்துக்கத்தைத் தனி நோயாகச் சேர்த்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வைத்தது. கணக்கு எதுவானாலும், சாப்பிடாமல் தூங்காமல் மாதக்கணக்கில் கிடப்பவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எங்கள் ஆட்கள் எல்லாரும் போனில் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆண்களிடம் நாங்கள் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். பங்கு மண்டபத்துக்கு வரமாட்டார்கள், டாஸ்மாக்குக்குப் போவார்கள். வலை சரிசெய்யும் இடத்துக்கே இரண்டு ஆண்களை அனுப்பிப் பார்க்கிறோம். கை வேலையில் இருந்தால் சிலர் பேசுகிறார்கள்.

நான் மறைமாவட்டங்களிடம் கேட்பது பெரிதில்லை. அன்பியத்துக்கு இரண்டு பேர். அதில் ஒருவராவது பெண். பங்குத்தந்தை சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார், குருமடத்தில் அவருக்குப் பிரசங்கம் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஆனால் வீட்டைத் தெரிந்து ஊரோடு இருக்கப்போவது இந்த இரண்டு பேர்தான். சாவு நடந்த வீட்டின் தேதிகள் அவர்கள் நோட்டில் இருக்க வேண்டும்: மூன்றாம் மாதம், இறந்தவர் பிறந்தநாள், முதல் கிறிஸ்துமஸ், முதல் கல்லறைத் திருநாள், ஆண்டு நினைவு. கேட்டுக் கேட்டு அவர்கள் மனசும் கனத்துப்போகும், மாதம் ஒருமுறை அவர்கள் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலிருந்து வந்து உள்ளூர் ஆட்களைப் பழக்கினார்கள், நல்ல வேலை. ஆனால் பேரிடர் வந்தால்தான் பயிற்சி என்றால், சாதாரண சாவு நடந்த வீட்டுக்கு யார் போவது?

இதற்கெல்லாம் பணம் ஒதுக்க ஊர்க் கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்றார் பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தை ஒருவர். பத்து நாள் திருவிழாக் கணக்கை வாசிக்கும் கூட்டத்தில், வாணவேடிக்கைச் செலவை வாசித்து முடித்ததும் எழுந்து கேட்டுப் பாருங்கள் சாமி என்றேன். மாற்றலாகிப் போவதற்குள் கேட்டுவிடுவார் என்று நினைக்கிறேன்.