பிழை எண் 1 யாருக்குப் புரியும்?

மாணவர்களே! புதுச்சேரியின் துய்மா வீதியில் நடந்திருக்கிறீர்களா? நீலத் தகட்டில் வீதியின் பெயர் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கும். ஊருக்குப் புதியவருக்காக வைத்த பலகை அது. கணிப்பொறி காட்டும் பிழைச் செய்தியும் அவ்வாறுதானே இருக்க வேண்டும்?

டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் அப்பாச்சி என்ற வலை சர்வர் இயங்குகிறது எனக் கொள்வோம். அதே வேலையைச் செய்யும் என்ஜின்எக்ஸையும் நிறுவுகிறீர்கள். நிறுவியவுடன் அது தானே இயங்க முற்படும். இரண்டும் கேட்பது 80 என்ற ஒரே போர்ட்டை! அது முன்பே அப்பாச்சியின் வசம். பழைய பதிப்புகளில் திரையின் கடைசி வரி என்ன சொல்லும் தெரியுமா? 'டிபிகேஜி பிழை எண் 1-ஐத் திருப்பியது.' நிறுவும் நிரல்கள் ஒன்றுக்கொன்று ஓர் எண்ணைத்தான் தருகின்றன. 0 என்றால் வெற்றி. 1 என்றால் ஏதோ தவறு. 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற உண்மைக் காரணமோ தனிப் பதிவேட்டில் உறங்கும்.

"விவரம் அறிந்தவருக்கு இது போதும்" என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். விவரம் அறிந்தவருக்குச் செய்தியே வேண்டாமே!

பின்னர் டெபியன் தொகுப்பாளர்கள் சிறு சோதனை ஒன்றைச் சேர்த்தனர். '80-ஆம் போர்ட் பயன்பாட்டில் உள்ளதால் என்ஜின்எக்ஸைத் தொடங்கவில்லை' என்று இப்போது ஒரே வரியில் தெரிவிக்கிறது. நிறுவலும் தடையின்றி முடிகிறது. இதற்குத் தேவைப்பட்டவை சில வரி நிரலே.

டெபியனில் குறை கண்டால் எவரும் எழுதித் தெரிவிக்கலாம், பள்ளி மாணவரும்தான். என்ன செய்தீர்கள், என்ன செய்தி வந்தது, எது வந்திருந்தால் புரிந்திருக்கும் என்று எழுதி அனுப்புங்கள்.