வராந்தா புருஷர்கள்

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்ததோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி, பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற திருமுக்கூடலுக்குப் போங்கள். அங்கே பெருமாள் கோயில் சுவரில் ஒரு ஆஸ்பத்திரி பட்ஜெட்டே இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலம், 1068-ஐ ஒட்டி. கோயில் ஊழியர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்கும் 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், பணிவிடைக்கு இரண்டு பெண்கள். சம்பளம் நெல்லும் காசுமாக. அரியர்ஸ் பற்றிக் குறிப்பில்லை!

கவனித்தீர்களா? கத்தி பிடிக்க ஒருவர், கவனிக்க இருவர். சோழர்களுக்குக் கணக்குத் தெரியும்.

இன்று தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன் (தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21). கத்தி வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கவனிக்கிற வேலை ஆறு வாரம். அதற்கு ஆள்?

எங்கள் ஆபீஸ் பையன், புது அப்பா, கேட்டான்: "டாக்டர் மாத்திரை தர்றார், மாமியார் பத்தியம் பார்க்கறாங்க. எனக்கு என்ன சார் வேலை?"

"முதல்ல ஒரு தலையணை கொண்டு போப்பா" என்றேன்.

இருமலோ தும்மலோ வந்தால், அந்தத் தலையணையைத் தையல் மேல் வைத்து லேசாக அழுத்திக்கொண்டால் வலி குறையும். சிரித்தாலும் இழுக்கும். ஆகவே கொஞ்ச நாளைக்கு ஜோக் வேண்டாம். (என் பத்தியைத் தாராளமாகப் படித்துக் காட்டலாம் என்றான் பையன்.)

படுக்கையிலிருந்து நேராக எழக்கூடாது. முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். டாக்டர் சரி என்றதும் மெல்ல நடக்க வைக்க வேண்டும். குடல் வேலை செய்ய ஆரம்பிக்கும், காலில் ரத்தமும் உறையாது. வாயு பிடித்து வதைத்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு ஒரு சூயிங்கம் கொடுக்கலாம். மென்றால் குடல் சீக்கிரம் விழித்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன. பால் கொடுக்கும்போது குழந்தையின் பாரம் தையல் மேல் விழாமல், பக்கவாட்டில் அணைத்துக்கொள்ளலாம்.

பாட்டு, கை கால் பிடித்து விடுதல்? 2020-ல் 37 ஆய்வுகளை அலசிய காக்ரேன் நிபுணர்கள், 'உதவலாம், ஆனால் ஆதாரம் வலுவில்லை' என்கிறார்கள். செலவில்லாத வைத்தியம்தானே! ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மட்டும் தொடாதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் மாத்திரையோடு சேர்த்துத்தான், மாத்திரைக்குப் பதில் இல்லை. 'பால் கொடுக்கிறேனே' என்று பயந்து சில பெண்கள் மாத்திரையை முந்தானையில் முடிந்துவிடுவார்கள். பால் கொடுப்பவருக்கு ஏற்றதாகப் பார்த்துத்தான் டாக்டர் எழுதுகிறார். வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பதும் உங்கள் வேலை. காய்ச்சல், தையலில் சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால், பாட்டை நிறுத்திவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

திருமுக்கூடல் பட்டியலில் புருஷன் என்று ஒரு பதவி இல்லை. ஆயிரம் வருஷமாகக் காலியாக இருக்கிறது, அப்ளை பண்ணுங்கள். நெல்கூடக் கிடைக்காது. ஆனால் வராந்தாவில் நிற்கிற கால்வலி மிச்சம்!