மருத்துவமனைத் துணி வீட்டுக்குப் போகக் கூடாது: எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்புப் பணியில் இருக்கும் செவிலியர்களின் அமைப்பு நாங்கள். மருத்துவமனைச் சலவை பற்றிய எங்கள் நிலைப்பாட்டை இந்த அறிக்கையில் சொல்கிறோம். நோயாளி படுத்த விரிப்பு, உடுத்திய கவுன், அறுவை அரங்குத் துணி, நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பவரின் சீருடை ஆகிய அனைத்தும் மருத்துவமனையின் பொறுப்பில்தான் துவைக்கப்பட வேண்டும். துவைக்கும் இடம், வெப்பநிலையும் நேரமும் பதிவாகும் சலவைக்கூடமாக இருக்க வேண்டும். வீட்டு வாளியிலும் திறந்தவெளிக் கல்லிலும் இவற்றைத் துவைக்கும் வழக்கத்துக்கு முடிவுகட்ட வேண்டும்.

கிருமி துணியில் எத்தனை நாள் தங்கும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் வகைக் கிருமிகளைப் பருத்தி, பாலியெஸ்டர் துணிகளில் வைத்துப் பார்த்தது. எல்லாமே குறைந்தது ஒரு நாள் உயிரோடு இருந்தன. பாலியெஸ்டரில் சில 90 நாளுக்கு மேலும் தாக்குப்பிடித்தன. நம் ஊர்ச் சீருடைகளில் பல பாலியெஸ்டர் கலந்தவை.

துவைத்து வந்த துணியே நோயைக் கொண்டுவந்த நிகழ்வுகளும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 2008-09இல் ரைசோபஸ் பூஞ்சை தாக்கி ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். பூஞ்சை அவர்களை வந்தடைந்த வழி பெரும்பாலும் படுக்கைத் துணிகள்தான் என்று விசாரணை முடிவு சொன்னது. ஹாங்காங்கின் குயின் மேரி மருத்துவமனையில் 2015இல் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த ஆறு பேருக்கு ரைசோபஸ் தொற்று வந்தது. தொற்று வந்த வழியைத் தேடிப் போனவர்கள் தரம் குறைந்த ஒரு சலவைக்கூடத்தில் போய் நின்றார்கள். கோவிட் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று நாம் பயந்த நோய்தான் இந்த ரைசோபஸ் தொற்று. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2006இல் நோயாளிகளின் ரத்தத்தில் பேசில்லஸ் சீரியஸ் கிருமி தென்பட்டபோது, அங்கிருந்த துணிகளிலும் சலவை இயந்திரத்திலும் அதே கிருமி ஏராளமாக இருந்தது. இத்தகைய நிகழ்வுகள் அரிதானவை என்பது உண்மை. சலவை ஒழுங்காக நடக்கும் இடங்களில் அவை அரிதாக இருக்கின்றன என்பதே அதன் பொருள்.

ஒழுங்கான சலவைக்கு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 71 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் என்கிறது. பிரிட்டன் 65 டிகிரியில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் என்கிறது. இயந்திரத்துக்குள் சூடு எல்லாத் துணிக்கும் சீராகப் பரவும் நேரம் இதில் சேராது. வெந்நீர் வசதி இல்லாத இடத்தில், குறைந்த சூட்டிலேயே கிருமியைக் கொல்லும் ரசாயனத்தைச் சரியான அளவில் சேர்க்கலாம். ஸ்போர் வடிவில் உறங்கும் கிருமிகள் சூட்டுக்கும் அடங்குவதில்லை. அவற்றை நிறைய நீர் விட்டு அலசித்தான் வெளியேற்ற வேண்டும். பிறகு துணியை ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு மடித்து அலமாரியில் அடுக்கிய விரிப்பை நாங்கள் துவைத்த துணியாகக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

சீருடைக்கு வருவோம். டியூட்டி முடிந்த செவிலியர் அதே உடையோடு டவுன் பஸ்ஸில் ஏறி, வீட்டுக்குப் போய் மற்ற துணிகளோடு அதையும் ஊறவைப்பது இங்கே அன்றாடக் காட்சி. சீருடையிலிருந்து நோயாளிக்குத் தொற்று போனதை நேரடியாக நிறுவிய ஆய்வுகள் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் 60 டிகிரியில் துவைத்தால் போதும் என்று பிரிட்டன் தன் ஊழியர்களுக்குச் சொல்கிறது. ஆனால் அங்கேயே ஆறு வகை வீட்டு இயந்திரங்களைச் சோதித்து 2025இல் வெளியான ஆய்வில், விரைவுச் சுற்றில் பாதி இயந்திரங்கள் கிருமி நீக்கத்தில் தோற்றன. நம் வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தண்ணீரைச் சூடாக்காத டாப் லோட் இயந்திரங்கள். 60 டிகிரிக்கு நம் செவிலியர் எங்கே போவார்? இரண்டே செட் சீருடையோடு ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை பார்ப்பவரிடம் சோப்புச் செலவையும் வீட்டுக் குழந்தையின் பாதுகாப்பையும் சேர்த்துச் சுமத்துவது அநியாயம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் போதுமான செட் சீருடை, உடை மாற்ற அறை, சீருடைக்கான சலவை ஆகியவற்றை மருத்துவமனையே தர வேண்டும்.

வார்டில் நடக்கும் ஒரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் படுக்கை மாற்றியதும் அழுக்கு விரிப்புகளை ஒரு விரிப்பிலேயே மூட்டையாகக் கட்டித் தரையில் போடுகிறார்கள். சலவைக்கு எடுத்துப்போகிறவர் வந்ததும் மூட்டை வராண்டாவில் அவிழ்க்கப்படும். பதிவேட்டில் கணக்கு நேராக வேண்டுமே! ரத்தம், சீழ், மலம் பட்ட விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி, எண்ணி, மறுபடியும் கட்டுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் அறுவைப் புண்ணோடு ஒருவர் படுத்திருப்பார். விரிப்பு மடிப்பில் யாரோ விட்டுவிட்ட ஊசி, எண்ணுகிறவரின் விரலில் ஏறும். ஒரு விரிப்பு குறைந்தால் வார்டு பொறுப்பாளரின் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம்தான் இந்த எண்ணிக்கைக்குக் காரணம். அழுக்குத் துணியை எண்ணுவதை இன்றே நிறுத்தலாம். கட்டில் அருகிலேயே கசியாத பையில் போட்டு வாயைக் கட்டி, பையின் எடையை மட்டும் குறித்து அனுப்பட்டும். துவைத்து வந்த சுத்தத் துணியை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றட்டும். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

சலவைத் தொழிலாளிக்குத் தடித்த கையுறை, ஏப்ரன், மூடிய காலணி, மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆகியவை கட்டாயம். ஊசி குத்தினால், செவிலியருக்குக் கிடைக்கும் அதே சிகிச்சை அவருக்கும் அன்றே கிடைக்க வேண்டும். இத்தொழிலைத் தலைமுறையாகச் செய்துவரும் குடும்பங்களை வெளியேற்றிவிட்டு இயந்திரம் வைக்கச் சொல்லவில்லை. அந்த இயந்திரங்களை இயக்கும் பயிற்சியும் வேலையும் முதலில் அவர்களுக்கே போக வேண்டும்.

இருபது படுக்கை நர்ஸிங் ஹோம் இதற்கெல்லாம் எங்கே போகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நகரத்தின் சிறிய மருத்துவமனைகள் சேர்ந்து பொதுச் சலவைக்கூடம் வைத்துக்கொள்ளலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் சலவைக்கூடத்தை விரிவாக்கி, தாலுகா மருத்துவமனைகளையும் ஆரம்பச் சுகாதார நிலையங்களையும் அதோடு இணைக்க அரசு முன்வர வேண்டும். எங்கே நடந்தாலும் அழுக்குத் துணி நுழையும் வாசலும் சுத்தத் துணி வெளியேறும் வாசலும் வேறாக இருக்க வேண்டும். நடுவே சுவர் வேண்டும். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது.

மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சலவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், உங்கள் தொற்றுத் தடுப்புச் செவிலியரை உடன் அழைத்துக்கொண்டு அந்தச் சலவைக்கூடத்துக்கு முன்னறிவிப்பின்றிப் போங்கள். கடந்த மாதத்து வெப்பநிலைப் பதிவேட்டைக் கேளுங்கள். அது இல்லையென்றால், எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் அந்த ஒப்பந்தம் வேண்டாம்.