பிரேக் இல்லாத வண்டி

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மோட்டார் சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "அம்மா, இந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது, கியரும் ஒன்றே ஒன்றுதான். இதில்தான் பந்தயம் ஓட்டப் போகிறேன்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? வண்டியைக் கொல்லையறையில் தள்ளிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்வீர்கள், அல்லவா?

'ஸ்பீட்வே' என்ற பந்தயத்துக்கு அதுதான் வண்டி! நீள்வட்டமான மண் பாதை. நாலு பேர், நாலு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். வளைவு வந்தால் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இரும்புத் தகடு பொருத்திய இடது காலைத் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். சற்றுப் பிசகினால் வேலிதான் கதி.

இந்த வித்தையில் கரை கண்டவர் பீட்டர் கிரேவன். 1934-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்தவர். குள்ளமான, மெலிந்த உருவம். கூட்டத்தில் நின்றால் பந்தய வீரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வண்டியில் ஏறிவிட்டாலோ, விழப்போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் விழாமல் முன்னே போய்விடுவார். 'சமநிலை மந்திரவாதி' என்றே ரசிகர்கள் அவரை அழைத்தார்கள்.

மான்செஸ்டர் நகரின் பெல் வ்யூ குழுவுக்காக ஓட்டிவந்த இந்த வாலிபர், 1955-ல் வெம்பிளி மைதானத்தில் 13 புள்ளிகள் பெற்று உலகப் பட்டத்தை வென்றார். அப்போது வயது 21. அடுத்த பட்டத்துக்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஸ்வீடன் நாட்டு ஓவ் ஃபுண்டினும், நியூஸிலாந்துக்காரர்களான பாரி பிரிக்ஸும் ரானி மூரும் பட்டத்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருந்தார்கள். கிரேவன் சளைக்கவில்லை. 1962-ல் மறுபடியும் வெம்பிளி. இந்தத் தடவை 15-க்கு 14 புள்ளிகள். ஐந்து ஓட்டங்களில் நாலில் முதல், ஒன்றில் இரண்டாவது!

மறு வருஷம், 1963 செப்டம்பர் 20. எடின்பரோவின் மெடோபேங்க் மைதானம். உலகப் பட்டம் எதுவும் பணயத்தில் இல்லாத சாதாரணப் பந்தயம். கிரேவனுக்கு முன்னால் போன ஜார்ஜ் ஹன்டர் என்ற வீரர் பாதையில் விழுந்துவிட்டார். வேகமாக வரும் வண்டி; பிரேக் கிடையாது. விழுந்தவர் மேல் மோதாமலிருக்கக் கிரேவன் வண்டியைத் திருப்பினார். போய் மோதியது வேலியில். நாலு நாள் கழித்து, 29-வது வயதில், ஆஸ்பத்திரியில் காலமானார்.

இதை யோசித்துச் செய்த தியாகம் என்று நான் சொல்லமாட்டேன். யோசிக்க நேரம் ஏது? பிரேக் இல்லாத பந்தயத்தில் முன்னால் போகிறவனின் உயிர் பின்னால் வருகிறவன் கையில் இருக்கிறது. வாரா வாரம் இந்த நம்பிக்கையில்தான் நாலு பேரும் புறப்படுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கிரேவனின் கைகள் அவரைக் கேட்காமலே காப்பாற்றின.

அவருக்குப் பின் இன்னோர் ஆங்கிலேயர் உலகப் பட்டம் வெல்ல 1976 வரை ஆயிற்று. அவரும் பெல் வ்யூவின் பீட்டர் காலின்ஸ்தான். இரண்டு முறை வெல்ல இன்னோர் ஆங்கிலேயருக்கு, டாய் வஃபின்டனுக்கு, 2015 வரை பிடித்தது. கிரேவன் பெயரில் பெல் வ்யூவில் நினைவுப் பந்தயமும் நடத்தினார்கள்.

பட்டமும் கோப்பையும் இருக்கட்டும். ஜார்ஜ் ஹன்டர் அதன் பிறகும் பல வருஷங்கள் பந்தயம் ஓட்டினார். கிரேவன் விட்டுச் சென்றவற்றில் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.