மயக்கம் தெளியும் நேரமும் செவிலியர் எண்ணிக்கையும்

டெல்லி கரோல் பாக்கின் பீடன்புரா, ரேகர்புரா சந்துகளில் தங்கம் உருக்கும் தொழிலாளர்கள் அமிலப் புகையைச் சுவாசித்து வேலை செய்கிறார்கள். சற்றுத் தொலைவில், பூசா சாலையிலும் ராஜீந்தர் நகரிலும் பெரிய மருத்துவமனைகள் நிற்கின்றன. இத்தொழிலாளி ஒருவர் நுரையீரல் சிகிச்சைக்காக அங்கு முழு மயக்கத்தில் படுக்க நேர்ந்தால், சிகிச்சை முடிந்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. தசை தளர்த்தும் மருந்தின் மிச்சம், வலி மருந்தின் மந்தம், தேங்கும் சளி, இரத்தக் கசிவு ஆகிய அனைத்தையும், ஏற்கெனவே நலிந்த அதே உறுப்புதான் தாங்க வேண்டும்.

மயக்கம் தெளிவதை அளவிட 1970இல் ஆல்ட்ரெட்டேயும் குரூலிக்கும் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். உடல் அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், உணர்வு, தோலின் நிறம் என ஐந்து கூறுகள். மொத்தம் 10 மதிப்பெண். 9 பெற்றவரை மீட்பு அறையிலிருந்து வார்டுக்கு மாற்றலாம். தோலின் இளஞ்சிவப்பு நலத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. கறுத்த மேனியருக்கு அது எவ்வாறு பொருந்தும்? 1995இல் நிறத்தை நீக்கிவிட்டு ஆக்சிமீட்டர் அளவைச் சேர்த்தனர். ஆயினும் கறுத்த தோலில் அக்கருவி உண்மை நிலையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்பதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு உறுதிப்படுத்தியது. மேலும், ஆக்சிஜன் செலுத்தப்படும் நோயாளியின் மூச்சு தளர்ந்து கரியமில வாயு தேங்கினாலும், விரலில் மாட்டிய கருவி சிறிது நேரம் நல்ல எண்ணையே காட்டும்.

எனவே கருவி தேவை. கருவி மட்டும் போதாது. ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ண வேண்டும். இருமச் சொல்லிப் பார்க்க வேண்டும். காசநோயோ சிலிக்கோசிஸோ தழும்பாக்கிய நுரையீரலுக்கு, சிகிச்சைக்கு முன்பிருந்த அளவோடு ஒப்பிட்டே தேர்ச்சியை முடிவு செய்ய வேண்டும். இவற்றைப் படுக்கையருகே நின்று செய்பவர் செவிலியர். ஒருவர் தலையில் ஐந்தாறு படுக்கைகளைச் சுமத்தினால், மதிப்பெண் தாள் நிரம்பும். நோயாளி கவனிக்கப்பட மாட்டார்.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணிநிலைமையையும் ஆராயக் குழு அமைக்குமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரிச் செவிலியர் மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. டெல்லியில் சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற மருத்துவமனைகள், ஏழைகளான உள்நோயாளிகள் 10 விழுக்காட்டினருக்கும் வெளிநோயாளிகள் 25 விழுக்காட்டினருக்கும் இலவச சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவ்விரண்டும் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள். இலவசப் படுக்கை கிடைத்தும் மீட்பு அறையில் கவனிக்க ஆளில்லையெனில் அவ்வுரிமை பாதியிலேயே நின்றுவிடும். செவிலியர் குறைவால் மிச்சமாகும் தொகை மருத்துவமனையின் இலாபக் கணக்கில் சேர்கிறது. அதற்கான விலையை நோயாளியின் மூச்சு கொடுக்கிறது. மீட்பு அறையில் மயக்கம் தெளியாத ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு செவிலியர், தெளிந்த பின் இருவருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சட்டமாக்க வேண்டும். இதை நோயாளிகளின் கோரிக்கையாகவும் செவிலியர் சங்கங்களின் கோரிக்கையாகவும் ஒருசேர எழுப்புவது தோழர்களின் கடமை.